முதலில் என்னைப் பார்த்த சாமி

முப்பது வருடமாகக் கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்கிறேன். கம்பி கட்டி, செங்கல் வைத்து, சாந்து பூசி உடம்பு எழுப்புவேன். மூக்கு, உதடு, விரல், நகை, ஆயுதம் எல்லாம் என் கரண்டியில் வரும். கண்ணின் குழியும் இமையும்கூட நான்தான் வைப்பேன். ஆனால் அந்தக் குழிக்குள் கருவிழி எழுதிக் கண் திறப்பது பெரிய ஸ்தபதியின் உரிமை. திரை கட்டி, அவர் மட்டும் உள்ளே போவார். திறந்த கண் முதலில் மனிதனைப் பார்க்கக் கூடாது என்று கண்ணாடி காட்டுவார்கள். பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எங்களைப் போன்ற வேலையாட்கள் கீழே கைகட்டி நிற்போம்.

அந்த வரம்பை நான் ஒரே ஒரு தடவை தாண்டினேன். என் ஊரில் அல்ல. கடல் தாண்டி, இலங்கையில், பதுளைக்குப் பக்கத்தில்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறுகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே இருக்கும் மாரியம்மனுக்கு மூன்று நிலைக் கோபுரம் கட்டுவதற்காகத் தை மாதம் நாங்கள் நாலு பேர் கும்பகோணம் பக்கமிருந்து போயிருந்தோம். வேலை நடக்கும்போது மூலஸ்தானத்தில் சாமி இருக்க முடியாது. அதனால் அம்மனைப் பாலாலயம் செய்து, ஒரு சின்னப் படத்தில் இறக்கி, பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு அதில் வைத்தோம். ஆடிக்குள் கும்பாபிஷேகம் என்று பேச்சு.

அப்புறம் அந்த நாட்டில் எல்லாம் நின்றுபோயிற்று. டீசலுக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் அது. பஸ் ஓடவில்லை. சிமெந்து கிடைக்கவில்லை. கரண்ட் பாதி நாள் இல்லை. கோபுரம் இரண்டரை நிலையில் நின்றது. பெரிய ஸ்தபதி, "நிலைமை சரியானதும் வருவோம்" என்று மூட்டை கட்டினார். கோயில் கமிட்டித் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"எல்லாருமாப் போனீங்கன்னா திரும்பி வருவீங்கன்னு நாங்க எத வச்சு நம்புறது? சாமி வெளிய தகரத்துக்குள்ள உக்காந்திருக்கு. ஒரு ஆளாவது இங்கன இருக்கட்டுமே."

ஸ்தபதி சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "இவர் இருக்கட்டும். தங்கமான ஆளு. சத்தமே வராது" என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சத்தம் போடவில்லை.

என் பாஸ்போர்ட்டும் கையில் இல்லை. விசாவை நீட்டிக்க வேண்டும் என்று கொழும்பில் ஒருவரிடம் கொடுத்திருந்தது. அவர் முதலில் "அடுத்த வாரம்" என்றார், பிறகு "அடுத்த மாசம்" என்றார், பிறகு போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். மற்றவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் முதல் தடவையிலேயே வந்துவிட்டன. என்னுடையது மட்டும் மாட்டிக்கொண்டது. அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்கு இருந்தது ஒரே கவலை. மூத்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். அதற்குள் நான் ஊர் போய்ச் சேர வேண்டும்.

அந்த ஜனங்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்களுக்கே அரிசி தட்டுப்பாடு, எனக்குத் தட்டில் குறையவில்லை. கோயிலை ஒட்டிய லயத்தில், கடைசி அறையில் ஓர் அக்கா இருந்தார். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள். அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கொழுந்து பறித்து ஓய்ந்தவர், கணவர் இல்லை, மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். கமிட்டி என் சாப்பாட்டை அவரிடம்தான் ஒப்படைத்திருந்தது. காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்து, "சாப்புடுங்க தம்பி. எளைச்சுப் போயி ஊருக்குப் போனா ஒங்க சம்சாரம் எங்களத்தான் ஏசும்" என்பார்.

"போனாத்தானே அக்கா?"

"போவீங்க, போவீங்க. மூஞ்சிய அப்பிடி வச்சிக்கிட்டா ரொட்டி கூட எறங்காது."

பகலில் செய்வதற்கு வேலை இல்லை. சாரத்தில் ஏறி, மழை படாமல் பொம்மைகளுக்கு மூடியிருக்கும் பாலித்தீனைச் சரி செய்வேன். கண் எழுதாத பொம்மைகள் பதினெட்டு. எந்தப் பக்கம் போனாலும் வெள்ளைக் கண் குழியோடு நிற்கும். மூடுபனி இறங்கினால் எதிர் மலை மறைந்துபோகும். பிறகு லயம் மறையும், கடைசியில் சாரமே மறையும். கொட்டகைக்குள் அம்மன், எனக்குத் தங்கக் கொடுத்த தகர மடப்பள்ளியில் நான். மழை இரண்டு தகரத்திலும் ஒரே மாதிரி விழும். "தாயே, நீயும் வெளியே, நானும் வெளியே. நம்ம ரெண்டு பேருக்கும் எப்போ வீடு?" என்று சாயங்கால விளக்கு வைக்கும்போது தினமும் கேட்பேன்.

கரண்ட் நின்றால் போன் கோபுரமும் நின்றுவிடும். ஆனி கடைசியில் நாலு நாள் வீட்டோடு பேச முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சமயம். ஐந்தாம் நாள் காலையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே சிக்னல் ஒரு கோடாவது வருகிறது என்று பார்த்தபடி மேலே ஏறத் தொடங்கினேன்.

வேலை நடக்கும் தேயிலை ஓர் இடத்தோடு முடிந்தது. அதற்கு மேல் ஆள் உயர மானாப்புல். புல்லுக்குள் கருங்கல் படிகள் இருந்தன. படி இருந்தால் ஏறியவர்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஏறினேன். வெட்டாமல் விட்ட தேயிலை என் தலைக்கு மேல் மரமாக வளர்ந்து வெள்ளைப் பூ பூத்திருந்தது. கொழுந்தாகவே பார்த்துப் பழகியிருந்ததால் அதைத் தேயிலை என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரமாயிற்று. கணுக்காலில் அட்டை. அப்புறம் சுவர்கள். கூரையில்லாத பத்துப் பன்னிரண்டு அறைகள், வரிசையாக. ஓர் அறைக்குள் கொய்யா மரம். இன்னொன்றில் அம்மிக்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு தண்ணீர்க் குழாய் துருப்பிடித்து, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். முனியாண்டி.

சுதைதான். தொழில் தெரிந்த கை இல்லை, தோட்டத்து ஆள் யாரோ ஆசையாகச் செய்தது. ஒரு முழங்கால் இடிந்து கம்பி தெரிந்தது. அரிவாள் பாதி. மீசை மட்டும் முறுக்குக் குறையாமல் இருந்தது. முகம் முழுக்கச் சுண்ணாம்பு. கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இரண்டு மேடு.

அதை நான் கவனித்திருக்க வேண்டும். முகத்தில் சுண்ணாம்பு ஒரு பூச்சு, அதுவும் உரிந்து போயிருந்தது. கண்ணில் மட்டும் நாலைந்து பூச்சு, கல் மாதிரி. முப்பது வருடம் சாந்தோடு புழங்கியவனுக்கு அது ஏன் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஏதோ திருவிழாவுக்கு வெள்ளையடித்தவன் அவசரத்தில் கண்ணோடு சேர்த்து அப்பிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். பதினெட்டுக் குருட்டுப் பொம்மைகளோடு மூன்று மாதம் இருந்தவனுக்கு, இவராவது பார்க்கட்டுமே என்று இருந்தது. சின்னக் கரண்டி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். எடுத்தேன். நுனியால் தட்டித் தட்டி, எச்சில் தொட்டு ஊறவைத்து, ஓரத்தில் நெம்பினேன். சுண்ணாம்பு ஒரு சிப்பி மாதிரி முழுசாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

உள்ளே கருவிழி அப்படியே இருந்தது. வெயில் படாத கறுப்பு. நேற்று எழுதியது போல.

அது என்னைப் பார்த்தது.

நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பிறகு மனசு நிறைந்து, அடுத்த கண்ணையும் எடுத்துவிட்டு, மண்ணில் விழுந்து கும்பிட்டேன். "அய்யா, உனக்கு நான் கண்ணைத் திறந்தேன். எனக்கு நீ வழியைத் திற. என் பொண்ணு கல்யாணத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்றேன். சாமியோடு பேரம் பேசக் கூடாது என்று தெரியும். ஆனாலும் பேசினேன்.

எழுந்திருக்கும்போது போன் அடித்தது. அந்த மரத்தடியில் மூன்று கோடு.

"எங்கங்க இருக்கீங்க? நாலு நாளா அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சு போச்சு" என்றாள் மனைவி.

"முனியாண்டி கோயில்ல."

"நல்லா இருங்க. பத்திரிகை அடிச்சாச்சு. ஒங்க பேரு பெருசாப் போட்டிருக்கு. பேரு வந்துருச்சு, ஆளத்தான் காணோம்."

"வந்துருவேன். இன்னைக்கு வழி தொறந்துருச்சு."

இறங்கும்போது கால் தரையில் படவில்லை. அக்காவின் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, அவர் கொடுத்த தேநீரைக் குடித்தபடி நடந்ததைச் சொன்னேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். கை நின்றுவிட்டது.

"மேல் லயத்து முனியாண்டிக்கா?"

"ஆமாக்கா."

"கண்ணத் தொறந்துட்டீங்களா?"

"சுண்ணாம்பத்தான் எடுத்தேன்…"

"திரை போட்டீங்களா? கண்ணாடி காட்டுனீங்களா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்ப மொதல்ல ஒங்களப் பாத்திருச்சு." மாவுக் கையோடு எழுந்து நின்றார். "அடப்பாவி மனுசா! தூங்குற சாமிய எழுப்பி விட்டுட்டு வந்து, ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கிறீங்களே. அதுக்கு இப்பப் பசிக்காதா? அந்தக் காட்டுக்குள்ள யாரு சோறு போடுவா?"

சாயங்காலம் கமிட்டியே கூடிவிட்டது. தலைவர் முதலில் என்னை நம்பாமல் பார்த்தார். "கண் தொறக்குறது பெரியவரு வேலைன்னு நீங்கதானே மேஸ்திரி எங்களுக்குச் சொன்னீங்க?"

"தப்புதாங்க."

"ஒங்களப் பாத்த சாமி ஒங்களத்தான் தேடும். நாங்க போனா ஏத்துக்குமா என்னான்னு தெரியாது. அதுக்கு ஒரு வழி பொறக்குற வரைக்கும் தெனம் ஒரு வெளக்கும் ஒரு வாய்ச் சோறும் நீங்கதான் வைக்கணும். சுருட்டும் வைக்கணும். எங்க முனியாண்டி சுருட்டு இல்லாம சாப்புடாது."

பின்னால் ஒருவர் சொன்னார்: "சுருட்டுக்கு எங்க போறது தலைவரே? பசறை டவுன்லயே இல்ல. பீடிதான் இருக்கு."

"பீடி வைங்க. நாட்டு நெலம சாமிக்கும் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மடப்பள்ளிக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. இதுவரை என்னைப் பிடித்து வைத்திருந்தவர்கள் மனிதர்கள். கெஞ்சலாம், கோபிக்கலாம். இப்போது நானே ஒரு சாமியிடம் போய்க் கையை நீட்டி விலங்கு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து தினமும் ஏறினேன். ஒரு மணி நேரம் ஏற்றம். கையில் தூக்குச்சட்டி, எண்ணெய்ப் புட்டி, திரி. பழக்கமில்லாத நான் பீடியைப் பற்றவைத்து இருமி இருமி அவர் காலடியில் வைப்பேன். மழையில் திரி நனையும். குளவிக் கூடு கட்டிய மரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விளக்கு வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவேன். கொழும்புக்கும் அடிப்பேன். கொழும்பு எடுக்காது.

ஒரு பக்கம் பார்த்தால் கேட்டதைக் கொடுத்த சாமிதான். தினமும் என் மகளின் குரலைக் கேட்க வைத்தார். சேலை எடுத்தது, வளையல் வாங்கியது, பந்தல்காரன் சண்டை போட்டது எல்லாம் அந்த மரத்தடியில்தான் கேட்டேன். ஆனால் நான் கேட்டது குரலை அல்ல.

அக்காவிடம் பல தடவை கேட்டேன், அந்தக் கண்ணை யார் மூடினார்கள் என்று. "இருந்தவங்க மூடுனாங்க" என்பார். அவ்வளவுதான். மேலே ஒரு நாளும் வந்ததில்லை. முழங்கால் வலி என்பார். விறகுக்கு எதிர் மலை ஏறுகிறவர்தான்.

ஆவணி பிறந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவரும் கண் கலங்கி, நாலு இடத்துக்குப் போன் போட்டார். டீசல் வரிசையில் நின்ற ஒரு வேன்காரரிடம் சொல்லி வைத்தார். "பாஸ்போர்ட்டு மட்டும் வரட்டும் மேஸ்திரி, நான் தூக்கிட்டாவது போயி ஏத்தி விடுறேன்." அந்த மனுஷர் வாயில் பொய் இல்லை. பாஸ்போர்ட்தான் வரவில்லை. கடைசி மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. முனியாண்டிக்கு விளக்கு வைத்தேன், கும்பிடவில்லை. எண்ணெயை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஏழரைக்குள் முகூர்த்தம். லயத்து வாசலில் அக்கா நின்றிருந்தார். குளித்து, நல்ல சேலை கட்டி, கையில் ஒரு தட்டு. வெற்றிலை, செம்பரத்தம்பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். அந்த மாதம் சர்க்கரை எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை.

"நீங்க எங்கக்கா?"

"பொண்ணு கல்யாணத்தன்னிக்கு ஒத்தையில ஒக்காரக் கூடாது. நடங்க, பேசாம."

படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். கூரையில்லாத அறைகளைக் கடக்கும்போது மூன்றாவது அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு மேலே நடந்தார். மரத்தடிக்கு வந்ததும் சாமியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு தட்டை வைத்தார்.

போனில் மண்டபம் வந்தது. மைத்துனன் பிடித்திருந்தான், படம் ஆடியது. மணையில் என் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் இல்லாத இடத்தில் தாய் மட்டும் தனியாக உட்கார முடியாது. என்னால் என் மனைவியும் எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. பட்டுச் சேலையில் தூண் ஓரம் நின்று, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் தலையைக் குனிந்திருந்தாள். என் தம்பி அவள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தான். தண்ணீர் விழுந்தது. என் கை தானாகக் குவிந்து நீண்டது. வெறும் கை.

மேளம் கொட்டியது. அட்சதை போட என்னிடம் ஒன்றுமில்லை. அக்கா செம்பரத்தம் பூவைக் கிள்ளி, இதழை என் கையில் வைத்தார். போனின் மேல் போட்டேன்.

அப்புறம் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. போனைத் திருப்பி முனியாண்டியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "நல்லாப் பாரு. நான் போக வேண்டிய இடம் இதுதான். நீயாவது பாரு" என்றேன்.

திரும்பினால் அக்கா அப்போதுதான் நிமிர்ந்து சாமியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, தானாகப் பேசினார்.

"எங்க பெரியப்பாதான் தம்பி மூடுனாரு. தோட்டத்து ஜனங்கள இந்தியாவுக்கே திருப்பி அனுப்புன காலம் அது, போக எல்லாருக்கும் பேரு வந்துச்சு. எங்க வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வரல. எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. போற அன்னைக்கு விடியக்கால சுண்ணாம்புச் சட்டிய எடுத்துக்கிட்டு வந்தாரு. ஏன் பெரியப்பா சாமிக்குக் கண்ண மூடுறீங்கன்னு கேட்டேன். அது பாத்துக்கிட்டு இருந்தா எங்களால காலத் தூக்கி வைக்க முடியாதும்மான்னாரு. அழுதுக்கிட்டேதான் பூசுனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, போயிட்டாங்க. எங்கக்காவையும் போற வீட்டுலதான் கட்டிக் குடுத்திருந்துச்சு, அவளும் போயிட்டா. எங்க ரெண்டு வீட்டையும் கீழ் லயத்துக்கு எறக்கிட்டாங்க. நாங்க இங்கனதான இருந்தோம்? எங்களுக்கு சாமி வேணாமான்னு ஒருத்தரும் கேக்கல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் துடைக்கவில்லை. சர்க்கரைப் பொங்கலை மூன்று பங்காக வைத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். "சாப்புடுங்க. கல்யாண வீடு."

பாஸ்போர்ட் பதினேழு நாள் கழித்து வந்தது. வேன்காரரும் வந்தார். நான் போகவில்லை. தம்பியே எல்லாம் செய்து முடித்த பிறகு எதற்காக ஓட வேண்டும்? மனைவியும், "எடுத்த வேலைய முடிச்சிட்டே வாங்க, அரைகுறையா விட்டா பொண்ணுக்கு ஆகாது" என்றாள். ஐப்பசியில் ஸ்தபதியும் மற்ற இருவரும் வந்தார்கள். சிமெந்து வந்தது. தையில் கோபுரம் முடிந்தது. திரை கட்டி, கண்ணாடி காட்டி, பதினெட்டுக்கும் ஸ்தபதி கண் திறந்தார். நான் கீழே கைகட்டி நின்றேன். அம்மன் தகரக் கொட்டகையிலிருந்து தன் வீட்டுக்குப் போனாள்.

கிளம்புவதற்கு முதல் நாள், ஒரு சட்டியில் சுண்ணாம்பு கரைத்து, மட்டை நார்த் தூரிகையோடு படியில் கால் வைத்தேன். தலைவரோடு பேசி முடிவு செய்ததுதான். போகிறவன் மூடிவிட்டுப் போக வேண்டும். வேறு வழி தெரியவில்லை. அக்காவும் கூட வந்தார். மரத்தடியில் நான் தூரிகையை நனைத்தபோதுதான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எதுக்கு மூடுறீங்க?"

"நான் போறேன்லக்கா. மொதல்ல என்னத்தான பாத்துச்சு. தேடுமே."

"தேடட்டும். ஒரு வாரம் தேடும். அப்புறம் நான்தான் வருவேன்னு அதுக்குத் தெரிஞ்சு போகும்." சட்டியை என் கையிலிருந்து வாங்கி, தேயிலை மரத்தடியில் கவிழ்த்தார். "போறவங்கதான் தம்பி மூடுவாங்க. நான் போகலையே."

"தெனம் இந்த மலை ஏறுவீங்களா? முழங்காலு?"

"தெனமுன்னு யாரு சொன்னா? வெள்ளிக்கு வெள்ளி. அதுக்கும் வயசாச்சுல்ல, வாரத்துல ஒரு நாள் சாப்புட்டாப் போதும்." முனியாண்டியைப் பார்த்து, அதட்டுகிற மாதிரி, "என்னா?" என்றார்.

இறங்கும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காலைத் தூக்கி வைக்க முடியாது என்று பெரியப்பா சொன்னது ஞாபகம் இருந்தது. முதுகில் அந்தக் கண் பட்டுக்கொண்டே வந்தது. பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகும் பட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில், எங்கே சாரத்தில் நின்றாலும், பத்துப் பதினொரு மணி வாக்கில் போன் இரண்டு தடவை அடித்து நிற்கும். மரத்தடியில் மூன்று கோடு இருக்கிறதல்லவா? எடுக்கக் கூடாது, எடுத்தால் அக்காவின் காசு போய்விடும். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தெற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடர்வேன்.